மின் ஆய்வுச் சான்றிதழை எக்ஸெலில் பதிந்து சரிபார்ப்பது எப்படி?

எக்ஸெலில் மாதச் செலவுக் கணக்கு, கடன் தவணைக் கணக்கு, மதிப்பெண் பட்டியல் எல்லாம் போட்டுப் பழகியவர்களுக்கு இந்த மாதம் கொஞ்சம் வேறு மாதிரியான ஒரு ஒர்க்ஷீட். வீட்டின் மின்சாரப் பெட்டியில் உள்ள எம்.சி.பி., பியூஸ், ஆர்.சி.டி. ஆகியவற்றின் விவரங்களைப் பதிந்து, அவை ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று எக்ஸெலையே பார்க்கச் சொல்லப் போகிறோம். எக்ஸெல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸின் கால்க் தொகுப்பிலும் இதே வேலையைச் செய்யலாம். மெனுவின் பெயர்கள் சற்று மாறும், அவ்வளவுதான்.

எதற்காக இது? இங்கிலாந்தில் தனியார் வாடகை வீடுகளுக்கு 2020-இல் வந்த விதிப்படி, குறைந்தது 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை வீட்டின் மின் இணைப்புகளைத் தகுதி பெற்றவரைக் கொண்டு சோதித்து அறிக்கை வாங்க வேண்டும். அதன் நகலை 28 நாட்களுக்குள் குடியிருப்பவரிடம் கொடுக்க வேண்டும். அங்கே சொந்தமாக ஒரு வீடு வாங்கி, இன்னொன்றை வாடகைக்கு விட்டிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அவர்கள் கையில் இந்த அறிக்கை ஒரு பி.டி.எப். பைலாக வந்து சேர்கிறது. முதல் பக்கத்தில் 'திருப்தி' என்று இருந்தால் போதும், உள்ளே யாரும் பார்ப்பதில்லை. இப்படிப்பட்ட அறிக்கைகளைத் தட்டச்சு செய்து சரிபார்க்கும் வேலையில் நான் இருப்பதால் சொல்கிறேன்: விஷயம் எல்லாம் உள்ளே இருக்கும் அட்டவணையில்தான் இருக்கிறது.

முதலில் ஒரு எச்சரிக்கை. மின்சாரப் பெட்டியின் மூடியை ஸ்க்ரூ கழற்றித் திறக்காதீர்கள். நமக்கு வேண்டியது முகப்பில் அச்சிட்டிருக்கும் எழுத்துகளும், ஆய்வாளர் மீட்டர் வைத்து அளந்து எழுதிய எண்களும் மட்டுமே. ஸ்விட்சுகளை மறைக்கும் பிளாப்பை மட்டும் தூக்கி, மொபைலில் இரண்டு தெளிவான போட்டோ எடுத்துக் கொள்ளுங்கள்.

மூன்று ஷீட்டுகள்

புதிய ஒர்க்புக் ஒன்றைத் திறந்து மூன்று ஷீட்டுகளுக்கு 'போர்டு', 'சர்க்யூட்', 'சாதனம்' என்று பெயர் கொடுங்கள். எல்லாவற்றையும் ஒரே ஷீட்டில் அடைப்பதுதான் பலரும் செய்வது. ஒரே பெட்டி உள்ள சிறிய வீட்டுக்கு அது போதும். ஆனால் லண்டன் போன்ற ஊர்களில் பழைய வீட்டை மேல் கீழ் எனப் பிரித்திருப்பார்கள். மாடிப்படிக்குக் கீழே முதல் பெட்டி, அதிலிருந்து வயர் இழுத்து மாடியில் இரண்டாவது பெட்டி என்று இருக்கும். அங்கே ஒரே ஷீட் குழப்பிவிடும்.

'போர்டு' ஷீட்டில் ஒரு பெட்டிக்கு ஒரு வரி. பெட்டியின் பெயர் (டிபி1, டிபி2), இருக்கும் இடம், எந்தப் பெட்டியிலிருந்து மின்சாரம் வருகிறது, அதற்கு முன்னால் உள்ள பியூஸ் அல்லது எம்.சி.பி.யின் தர எண், வகை, ஆம்பியர், எத்தனை பேஸ், சர்ஜ் பாதுகாப்பு சாதனம் இருந்தால் அதன் வகை, அந்தப் பெட்டியில் அளந்த எர்த் லூப் மின்தடை, பழுது ஏற்பட்டால் பாயக்கூடிய அதிகபட்ச மின்னோட்டம். சான்றிதழ் படிவத்திலும் அட்டவணையின் தலைப்பகுதியில் இவைதான் இருக்கும்.

இதில் முக்கியமானது 'எந்தப் பெட்டியிலிருந்து' என்ற காலம். மாடிப் பெட்டிக்கு அங்கே டிபி1 என்று எழுதியிருந்தால், டிபி2-இன் மின்தடை டிபி1-ஐ விடக் குறைவாக இருக்க முடியாது. நடுவில் ஒரு வயர் இருக்கிறதே! அதே போல் டிபி2-இன் பழுது மின்னோட்டம் டிபி1-ஐ விட அதிகமாக இருக்க முடியாது. குறைந்தோ கூடியோ இருந்தால் இரண்டு பெட்டிகளின் எண்களும் இடம் மாறி எழுதப்பட்டிருக்கலாம். ஒரு ஐஎஃப் பார்முலா போட்டு இதைக் கண்டுபிடிக்கச் செய்துவிடலாம்.

'சர்க்யூட்' ஷீட்டில் ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் ஒரு வரி. பெட்டியின் பெயர், சர்க்யூட் எண், எதற்கானது (விளக்கு, பிளக் பாயின்ட், குக்கர், ஷவர்), லைவ் வயரின் அளவு, எர்த் வயரின் அளவு, பிறகு பாதுகாப்பு சாதனத்தின் தர எண், வகை, ஆம்பியர், கிலோ ஆம்பியர். அதன் பிறகு ஆர்.சி.டி.க்கான தர எண், வகை, மில்லி ஆம்பியர். கடைசியில் அளந்த மின்தடை. படிவங்களில் இதை இசட்.எஸ். என்பார்கள்.

இங்கே எக்ஸெல் ஒரு வேலை காட்டும். பெட்டி எண்ணையும் சர்க்யூட் எண்ணையும் சேர்த்து 1/3 என்று அடித்துப் பாருங்கள். உடனே அதைத் தேதியாக மாற்றிவிடும். பிறகு நீங்கள் பார்மட்டை எப்படி மாற்றினாலும் நாற்பதாயிரத்துச் சொச்சம் என்று ஒரு எண்தான் வரும். எனவே பெட்டிக்கு ஒரு காலம், சர்க்யூட்டுக்கு ஒரு காலம் என்று பிரித்தே வையுங்கள். அதே போல் வயர் அளவு 2.5/1.5 என்று ஒரே செல்லில் வேண்டாம், இரண்டு செல்லில் இருக்கட்டும். மின்தடைக் காலத்துக்கு இரண்டு தசம இடம் வரும்படி பார்மட் செய்யுங்கள். இல்லாவிட்டால் 0.30 என்பது 0.3 ஆகிவிடும்.

முகப்பில் என்ன எழுதியிருக்கிறது?

எம்.சி.பி.யின் முகப்பில் பி32 என்று அச்சிட்டிருந்தால் பி என்பது வகை, 32 என்பது ஆம்பியர். அதன் அருகில் ஒரு கட்டத்துக்குள் 6000 என்று இருக்கும். அதுதான் படிவத்தில் 6 கிலோ ஆம்பியர் என்று எழுதப்படுவது. எவ்வளவு பெரிய பழுது மின்னோட்டத்தை அது தன்னைச் சிதைத்துக் கொள்ளாமல் துண்டிக்கும் என்பதன் அளவு. 6000-க்குக் கீழே சிறு கட்டத்தில் 3 என்று இருப்பது வகை அல்ல. அது ஆற்றலைக் கட்டுப்படுத்தும் வகுப்பின் எண். அதை வகைக் காலத்தில் போட்டு வரும் படிவங்களை நான் பார்த்திருக்கிறேன்.

தர எண்ணில் எம்.சி.பி.க்கு 60898, எம்.சி.பி.யும் ஆர்.சி.டி.யும் ஒன்றாகச் சேர்ந்த ஆர்.சி.பி.ஓ.வுக்கு 61009, தனி ஆர்.சி.டி.க்கு 61008. பழைய வீடுகளில் கம்பி மாற்றும் பியூஸ் இருந்தால் 3036. நம்மூரில் உங்கள் வீட்டு டி.பி. பெட்டியிலும் 60898 என்ற எண்ணையும் பி, சி எழுத்துகளையும் பார்க்கலாம். தரம் ஒரே சர்வதேசக் குடும்பத்தைச் சேர்ந்தது.

ஆர்.சி.பி.ஓ. இருக்கும் சர்க்யூட்டில் 61009 என்பதை இரண்டு இடத்திலும் எழுத வேண்டும். அது இரண்டு வேலையும் செய்கிறது அல்லவா? தனி ஆர்.சி.டி. ஒன்றின் கீழ் 4 சர்க்யூட் இருந்தால், அந்த 4 வரியிலும் 61008 வர வேண்டும். ஆர்.சி.டி. இல்லாத சர்க்யூட்டில் செல்லைக் காலியாக விடாதீர்கள், 'இல்லை' என்று எழுதுங்கள். காலியாக இருந்தால் 'இல்லை' என்று அர்த்தமா, 'பார்க்கவில்லை' என்று அர்த்தமா என்று பிறகு யாருக்கும் தெரியாது.

ஆர்.சி.டி.யின் முகப்பில் 0.03 ஆம்பியர் என்று இருக்கும். படிவம் கேட்பது மில்லி ஆம்பியரில், அதாவது 30. எனவே அந்தக் காலம் முழுவதையும் தேர்வு செய்து, டேட்டா மெனுவில் டேட்டா வேலிடேஷன் கிளிக் செய்து, லிஸ்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து 10, 30, 100, 300, இல்லை என்று கொடுத்துவிடுங்கள். இனி 0.03 என்று அடித்தால் எக்ஸெல் வாங்காது. வகைக் காலத்துக்கும் தர எண் காலத்துக்கும் இதே மாதிரி லிஸ்ட் செய்து கொள்ளலாம்.

ஆர்.சி.டி.யிலும் ஏசி, ஏ, எப், பி என்று வகைகள் உண்டு. எம்.சி.பி.யின் பி வேறு, ஆர்.சி.டி.யின் பி வேறு. குழப்பிக் கொள்ள வேண்டாம். ஏசி வகையின் முகப்பில் ஒரு அலை மட்டும் வரைந்திருக்கும். ஏ வகையில் அலைக்குக் கீழே பாதி அலைகளும் இருக்கும். கம்ப்யூட்டர், எல்.இ.டி. விளக்கு, இண்டக்‌ஷன் அடுப்பு போன்றவற்றில் பழுது வந்தால் கசியும் மின்னோட்டத்தில் நேர்மின் கலப்பு இருக்கலாம். ஏசி வகை அதைச் சரியாக உணராது. அதனால்தான் பிரிட்டிஷ் வயரிங் விதிகளில் 2022-இல் வந்த 2-ஆம் திருத்தம், அப்படிப்பட்ட கலப்பு வராது என்று தெரிந்த நிலையான சாதனங்களுக்கு மட்டுமே ஏசி வகை என்று சுருக்கிவிட்டது.

நம் பத்திரிகை வாசகர்களுக்கு இன்னொரு செய்தி. ஒரே ஆர்.சி.டி.யின் கீழ் நான்கைந்து கம்ப்யூட்டர், பிரிண்டர், யு.பி.எஸ். எல்லாம் போட்டிருந்தால் காரணமில்லாமல் ட்ரிப் ஆகும். கம்ப்யூட்டர் பவர் சப்ளையில் உள்ள பில்டர் எப்போதுமே சிறிதளவு மின்னோட்டத்தை எர்த்தில் கசியவிடுகிறது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. 15-க்கு மேல் எங்கு வேண்டுமானாலும் ட்ரிப் ஆகலாம். வழக்கமான கசிவு 30 சதவீதத்துக்கு, அதாவது 9 மில்லி ஆம்பியருக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. ஒர்க்ஷீட்டில் எந்த ஆர்.சி.டி.யின் கீழ் எந்தச் சர்க்யூட் என்று பதிந்து வைத்திருந்தால் இந்தத் தொல்லைக்குக் காரணம் தேடுவது சுலபம்.

எண்களைச் சரிபார்க்கும் பார்முலா

எம்.சி.பி.யின் வகை எழுத்து என்ன செய்கிறது என்பதைப் புரிந்து கொண்டால் பார்முலா தானாக வந்துவிடும். பி வகை, தன் ஆம்பியரைப் போல 3 முதல் 5 மடங்கு மின்னோட்டம் வந்தால் உடனடியாக ட்ரிப் ஆகும். சி வகைக்கு 5 முதல் 10 மடங்கு. டி வகைக்கு 10 முதல் 20 மடங்கு. நிச்சயம் ட்ரிப் ஆக வேண்டும் என்றால் மேல் எல்லையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். பி32-க்கு 160 ஆம்பியர், சி32-க்கு 320 ஆம்பியர்.

ஒரு லைவ் வயர் கழன்று அடுப்பின் உலோக உடலைத் தொடுகிறது என்று வையுங்கள். எர்த் வயர் வழியாக எவ்வளவு மின்னோட்டம் பாயும் என்பதை அந்த இசட்.எஸ். மின்தடைதான் தீர்மானிக்கிறது. மின்தடை அதிகமானால் மின்னோட்டம் குறையும். ட்ரிப் ஆகத் தேவையான அளவு பாயாவிட்டால் அடுப்பின் உடல் லைவாகவே நிற்கும். பிளக் பாயின்ட், அடுப்பு போன்ற 32 ஆம்பியர் வரையுள்ள வீட்டுச் சர்க்யூட்டுகளில் 0.4 வினாடிக்குள் துண்டிக்கப்பட வேண்டும் என்று விதி சொல்வது இதற்காகத்தான். (எர்த்துக்குத் தரையில் அடித்த கம்பியை மட்டும் நம்பும் வீடுகளுக்குக் கணக்கு வேறு.)

இப்போது 'சாதனம்' ஷீட்டுக்கு வாருங்கள். முதல் காலத்தில் தர எண்ணையும் வகையையும் ஒரு கோடு போட்டுச் சேர்த்து 60898-பி, 60898-சி, 60898-டி, 61009-பி, 61009-சி என்று எழுதுங்கள். இரண்டாவது காலத்தில் மடங்கு: பி-க்கு 5, சி-க்கு 10, டி-க்கு 20. 3871 என்ற பழைய தர எண்ணில் வரும் எம்.சி.பி.க்கு வகை எழுத்தாக இல்லாமல் எண்ணாக இருக்கும். வகை 1-க்கு 4, வகை 2-க்கு 7, வகை 3-க்கு 10 மடங்கு.

சேர்த்து எழுதச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. வெறும் 60898 என்று தேடினால், ஒரு ஷீட்டில் அது எண்ணாகவும் இன்னொன்றில் டெக்ஸ்டாகவும் இருந்துவிட்டால் வீலுக்அப் பங்ஷன் 'கிடைக்கவில்லை' என்று சொல்லும். எழுத்தோடு சேர்த்துவிட்டால் இரண்டு பக்கமும் டெக்ஸ்ட்தான். பிரச்சினை இல்லை.

'சர்க்யூட்' ஷீட்டில் மூன்று புதிய காலங்களைச் சேருங்கள். முதலாவதில் வீலுக்அப் மூலம் மடங்கை எடுங்கள். கடைசியில் பால்ஸ் கொடுக்க மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் கிட்டத்தட்டப் பொருந்துவதை எடுத்துக் கொடுத்துவிடும். இரண்டாவது காலத்தில் அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச மின்தடை: 218.5-ஐ, ஆம்பியரையும் மடங்கையும் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். 218.5 என்பது 230 வோல்ட்டின் 95 சதவீதம். சப்ளை சற்று இறங்கியிருந்தாலும் ட்ரிப் ஆக வேண்டும் அல்லவா? இந்தப் பார்முலாவை ரவுண்ட் பங்ஷனுக்குள் வைத்து 2 தசம இடத்தில் நிறுத்துங்கள். பி32-க்கு 1.37 வரும். பி6 விளக்கு சர்க்யூட்டுக்கு 7.28, பி16-க்கு 2.73, பி40-க்கு 1.09, சி32-க்கு 0.68. விதிப் புத்தகத்தின் அட்டவணையிலும் இவையே இருக்கும்.

மூன்றாவது காலத்தில் அதை 0.8-ஆல் பெருக்குங்கள். ஆய்வாளர் அளக்கும்போது வயர் குளிர்ந்திருக்கும், முழு லோடில் சூடானால் மின்தடை கூடும். அதற்கான விட்டுக்கொடுப்பு இது. அளந்த மதிப்பு இதற்குள் இருந்தால் கவலையில்லை.

கம்பி மாற்றும் பியூஸுக்கு இந்த மடங்குக் கணக்கு செல்லாது. அது உருகும் நேரம் ஒரு வளைகோடு. புத்தக அட்டவணையைப் பார்த்து நேரடியாக எண்ணை அடிக்க வேண்டியதுதான். 30 ஆம்பியர் 3036 பியூஸுக்கு 0.4 வினாடி மதிப்பு 1.04.

கடைசியாக, அளந்த மின்தடைக் காலத்தைத் தேர்வு செய்து ஹோம் டேபில் கண்டிஷனல் பார்மட்டிங் கொடுங்கள். 0.8 மதிப்புக்கு மேல் போனால் மஞ்சள், முழு மதிப்புக்கு மேல் போனால் சிவப்பு. பெட்டியின் பழுது மின்னோட்டம் எம்.சி.பி.யின் கிலோ ஆம்பியரை விட அதிகமானாலும் மஞ்சள் வரும்படி செய்து கொள்ளுங்கள். இந்த மஞ்சள் 'ஆய்வாளரைக் கேள்' என்பதற்குத்தான், 'தவறு' என்பதற்கல்ல. வீட்டு கன்ஸ்யூமர் யூனிட்டுகளில் முன்னால் உள்ள சப்ளை பியூஸின் துணையோடு 16 கிலோ ஆம்பியர் வரை தாங்கும்படி முழுப் பெட்டியாகவே சோதிக்கப்பட்டவை உண்டு.

ஆர்.சி.டி. இருக்கும் சர்க்யூட்டுகளில் சிலர் அதிகபட்ச மின்தடைக் காலத்தில் 1667 என்று போடுவார்கள். 50 வோல்ட்டை 0.03-ஆல் வகுத்து வருவது. தவறில்லை. தரையில் அடித்த எர்த் கம்பியை நம்பும் இடங்களில் அப்படித்தான் போட வேண்டும். ஆனால் மற்ற வீடுகளில் எம்.சி.பி.யின் சொந்த மதிப்பையே நான் விரும்புகிறேன். 1667 என்று போட்டுவிட்டால் எந்த எண்ணும் பாஸ் ஆகிவிடும், ஒரு ஜாயின்ட் தளர்ந்திருப்பதுகூட வெளியே தெரியாது.

ஒரு எழுத்து செய்யும் வேலை

கிழக்கு லண்டனில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் நண்பர், 2020, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளின் அறிக்கைகளை எனக்கு அனுப்பினார். இரண்டிலும் முதல் பக்கத்தில் 'திருப்தி'. இரண்டையும் மேலே சொன்ன ஒர்க்ஷீட்டில் அடித்தேன். மாடிப் பெட்டியின் 4-வது சர்க்யூட், குக்கர். 2020-இல் 60898, பி, 32, அளந்தது 0.92. 2025-இல் 60898, சி, 32, அளந்தது 0.94. ஆர்.சி.டி. இரண்டிலும் 'இல்லை'. இரண்டிலும் அதிகபட்ச மதிப்பாக 1.37 என்றே எழுதியிருந்தது.

2025 வரி மட்டும் சிவப்பாக நின்றது. சி32-க்கு அதிகபட்சம் 0.68 அல்லவா? 0.94 மின்தடையில் சுமார் 232 ஆம்பியர்தான் பாயும். பி வகையாக இருந்தால் அது 160-ஐத் தாண்டிவிட்டது, உடனே துண்டித்துவிடும். சி வகை 160-க்கும் 320-க்கும் நடுவில் எங்கே ட்ரிப் ஆகும் என்று உறுதியில்லை. 232-இல் உடனே துண்டிக்கலாம், அல்லது சில வினாடிகள் சூடாகிப் பிறகு துண்டிக்கலாம். அந்தச் சில வினாடிகள்தான் பிரச்சினை. வீட்டில் குடியிருந்தது இரண்டு வயதுக் குழந்தை உள்ள ஒரு குடும்பம். அடுப்பின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் அந்தக் குழந்தை நிற்கும் என்று நண்பர் சொன்னார்.

"பேப்பர்ல பாஸ்னுதானே போட்டிருக்கு, வெறும் டைப்பிங் தப்பா இருக்குமோ?" என்று கேட்டார். இருக்கலாம். பி-யை சி என்று அடித்திருந்தால் வீட்டில் ஒரு குறையும் இல்லை. உண்மையிலேயே சி இருந்து, அதிகபட்ச மதிப்பை மட்டும் பழைய அறிக்கையிலிருந்து எடுத்துப் போட்டிருந்தால் நிலைமை வேறு. ஒர்க்ஷீட்டுக்கு இது தெரியாது. பெட்டியின் போட்டோ கேட்டேன். குடியிருப்பவர் பிளாப்பைத் தூக்கி எடுத்து அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததில் சி32 என்று தெளிவாக இருந்தது. பக்கத்தில் உள்ளவை எல்லாம் பி. நடுவில் எப்போதோ யாரோ எம்.சி.பி.யை மாற்றியிருக்கிறார்கள். அல்லது 2020-இல் எழுதியவர் வரிசையாக பி என்று நிரப்பிக்கொண்டே போயிருக்கிறார்.

நண்பர் இரண்டு வரிகளையும் போட்டோவையும் சேர்த்து ஆய்வாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினார். அடுப்பு மெயின் ஸ்விட்சை அணைத்து வைக்கும்படி குடியிருப்பவரிடமும் சொன்னார். ஆய்வாளர் இரண்டாம் நாளே வந்து மீண்டும் அளந்தார். 0.94 சரிதான். அறிக்கையைத் திருத்தி அந்தச் சர்க்யூட்டுக்கு சி2 குறியீடு போட்டார். இந்த சி2 எம்.சி.பி. வகை அல்ல, 'ஆபத்து ஏற்படக்கூடியது' என்பதற்கான அறிக்கைக் குறியீடு. ஒரு சி2 இருந்தாலும் முழு அறிக்கையும் 'திருப்தியில்லை' ஆகிவிடும். விதிப்படி 28 நாட்களுக்குள் சரி செய்ய வேண்டும். அதே கம்பெனியின் பி32 ஆர்.சி.பி.ஓ., ஏ வகை, 30 மில்லி ஆம்பியர் வாங்கி அந்த வாரமே மாற்றினார்கள். பெட்டிக்குள் வேறு கம்பெனி சாதனத்தைச் செருகுவது வேண்டாம். அளவில் பொருந்துவது போலத் தெரிந்தாலும் அந்தக் கூட்டு சோதிக்கப்பட்டதல்ல.

ஒர்க்ஷீட்டில் அந்த வரி இப்போது 61009, பி, 32, 61009, ஏ, 30, 0.94 என்று இருக்கிறது. அனுமதி 1.37, அதன் 0.8 மதிப்பு 1.10.

பைலைச் சேமிக்கும்போது பழைய வரியின் மேலேயே புதியதை அடிக்காதீர்கள். 'சர்க்யூட்' ஷீட்டில் ஆய்வுத் தேதி என்று ஒரு காலம் சேர்த்து, ஒவ்வொரு அறிக்கைக்கும் புதிய வரிகளாகச் சேருங்கள். பிறகு டேட்டா மெனுவில் பில்டர் போட்டு, சர்க்யூட் எண் 4-ஐ மட்டும் தேர்ந்தெடுத்தால் எல்லா ஆண்டுகளும் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்து நிற்கும். எழுத்து மாறியிருக்கிறதா, மின்தடை ஏறிக்கொண்டே போகிறதா என்று ஒரே பார்வையில் தெரியும். பெட்டியின் போட்டோவையும் அதே போல்டரில், அதே தேதிப் பெயரில் போட்டு வையுங்கள். மாடியில் சோலார் பேனலும் பேட்டரியும் வைத்திருப்பவர்கள் 'ஒருதிசை / இருதிசை' என்று இன்னொரு காலமும் சேர்த்துக் கொள்ளலாம். 2024-இல் வந்த 3-ஆம் திருத்தம் அதைப் பற்றியதுதான். அதற்கு எம்.சி.பி. முகப்பில் அம்புக்குறி அல்லது 'இன்', 'அவுட்' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.